வெளிநாட்டுப் பணத்துக்குத் திறந்த கதவு, வெளிநாட்டுக் கேள்விக்குப் பூட்டு!

"இது எங்கள் உள்நாட்டு விவகாரம். அந்நியர் தலையிட வேண்டாம்."

எந்த நாட்டு அரசாங்கம் தன் மக்களை அடித்தாலும் கொன்றாலும், வெளியிலிருந்து ஒருவர் கேள்வி கேட்டவுடன் வருகிற பதில் இதுதான். பர்மா சொல்லும், சீனா சொல்லும், இலங்கை சொல்லும். உலகத்தின் மிகப்பெரிய ஜனநாயகம் என்று மார்தட்டிக்கொள்ளும் இந்தியாவும் சொல்லும். 2018 ஜூனில் காஷ்மீர் பற்றி ஐ.நா. மனித உரிமை அலுவலகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. உள்நோக்கம் கொண்டது என்று வெளியுறவுத் துறை அதைத் தூக்கிப் போட்டது. 2021 பிப்ரவரியில் விவசாயிகள் போராட்டம் பற்றி ரிஹானா என்ற பாடகி ட்விட்டரில் ஒரே ஒரு வரி எழுதினார். அதற்கும் வெளியுறவுத் துறை ஓர் அறிக்கை விட்டது! அணுகுண்டு வைத்திருக்கிற நாட்டுக்கு ஒரு பாடகியின் ஒரு வரியைத் தாங்க முடியவில்லை.

இந்த 'உள்நாட்டு விவகாரம்' என்ற வார்த்தை எவ்வளவு போலியானது என்று பார்க்க டெல்லிக்கோ ஸ்ரீநகருக்கோ போக வேண்டியதில்லை. தூத்துக்குடி போதும்.

2018 பிப்ரவரியில் ஸ்டெர்லைட் தாமிர ஆலையின் விரிவாக்கத்தை எதிர்த்து அ.குமரெட்டியாபுரம் மக்கள் மரத்தடியில் உட்கார்ந்தார்கள். போராட்டத்தின் நூறாவது நாள் மே 22. ஆட்சியர் அலுவலகத்தை நோக்கி ஆயிரக்கணக்கான பேர் நடந்தார்கள். குழந்தைகள், பெண்கள், மீனவர்கள், வியாபாரிகள் என்று எல்லோரும் இருந்தார்கள். முந்தைய இரவே 144 தடை உத்தரவு போடப்பட்டிருந்தது. யாரைப் பார்த்து மனு கொடுக்கப் போனார்களோ அந்த ஆட்சியர் அன்று கோவில்பட்டியில் இருந்தார். அன்றும் மறுநாளும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் செத்தார்கள். அதில் 17 வயதுப் பெண் ஒருத்தி. ஆட்சியர் அலுவலகத்துக்கு வெகு தூரத்தில், திரேஸ்புரம் கடற்கரைப் பக்கம், ஊர்வலத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பெண்மணியும் குண்டடிபட்டு இறந்தார். அடுத்தது என்ன? தூத்துக்குடி, நெல்லை, குமரி மாவட்டங்களில் இணையத்தை நிறுத்தினார்கள். போராட்டத்தில் சமூக விரோதிகள் புகுந்துவிட்டார்கள் என்றார்கள்.

"கல் எறிந்தார்களே, வண்டியைக் கொளுத்தினார்களே?" என்று கேட்பவர்கள் உண்டு. ஆமாம், வாகனங்கள் எரிந்தன. எரித்தவன் மேல் வழக்குப் போடு, சிறையில் தள்ளு. ஆனால் ஓர் உயிரைக் காப்பாற்ற வேறு வழியே இல்லை என்றால் மட்டுமே உயிர் போகிற மாதிரி சுடலாம் என்பது 1990ல் ஐ.நா. வகுத்த அடிப்படைக் கொள்கை. வண்டி உயிர் இல்லை. அடுத்து, ஓடுகிறவன் யாருடைய உயிருக்கும் ஆபத்து இல்லை. தப்பி ஓடியவர்களையும் போலீஸ் சுட்டது என்று சொன்னது எந்த வெளிநாட்டானும் இல்லை. தமிழக அரசே நியமித்த நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம்.

2018 மே 31 அன்று ஐ.நா.வின் மனித உரிமை நிபுணர்கள் சேர்ந்து ஓர் அறிக்கை விட்டார்கள். அளவுக்கு மீறிய பலப்பிரயோகம் நடந்திருப்பதாகத் தெரிகிறது, சுதந்திரமான விசாரணை வேண்டும் என்றார்கள். அவ்வளவுதான். லண்டனிலும் எதிரொலித்தது. வேதாந்தா நிறுவனத்தை லண்டன் பங்குச் சந்தையிலிருந்து நீக்க வேண்டும் என்று தொழிற்கட்சித் தலைவர்களில் ஒருவரான ஜான் மெக்டொனல் கேட்டார். 'வெள்ளைக்காரனுக்கு இங்கே என்ன வேலை?' என்று தேசபக்தர்கள் கொதிப்பது இப்படிப்பட்ட இடங்களில்தான்.

என்ன வேலையா? கணக்கைப் பாருங்கள். ஸ்டெர்லைட்டின் தாய் நிறுவனமான வேதாந்தா ரிசோர்சஸ் 2003லிருந்து 2018 அக்டோபர் வரை லண்டன் பங்குச் சந்தையில் பட்டியலில் இருந்தது. அந்தப் பங்கை வாங்கியவர்களில் உலகம் முழுக்க உள்ள முதலீட்டாளர்கள் உண்டு. ஆலைக்கு வேண்டிய தாமிரத் தாது வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்து தூத்துக்குடித் துறைமுகத்தில்தான் இறங்கியது. முதல் அந்நியம், சரக்கு அந்நியம், லாபத்தில் பங்கும் அந்நியம். அப்போதெல்லாம் யாருக்கும் இறையாண்மை நினைவுக்கு வரவில்லை. 'அந்நிய முதலீடு வருகிறது' என்று சிவப்புக் கம்பளம் விரித்தார்கள். மகாராஷ்டிராவின் ரத்னகிரி மக்கள் வேண்டாம் என்று விரட்டிய ஆலையை இங்கே கூட்டிவந்து வைத்தார்கள். ஆக, பணம் எல்லை தாண்டலாம், தாது எல்லை தாண்டலாம், லாபம் எல்லை தாண்டலாம். புகையும் குண்டும் மட்டும் உள்நாட்டு விவகாரம்! நல்ல நியாயம்.

சரி, உள்நாட்டிலேயே தீர்த்துக்கொள்வோம் என்றால் அதையாவது செய்தார்களா?

தேசிய மனித உரிமை ஆணையம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்தது, குழுவை அனுப்பியது. ஐந்தே மாதம். 2018 அக்டோபரில் கோப்பை மூடிவிட்டது. அரசு நிவாரணம் கொடுத்தாயிற்று, விசாரணை ஆணையம் போட்டாயிற்று, பிறகென்ன? 13 உயிரைச் செலவுக் கணக்கில் எழுதி ஏட்டை மூடுவது என்றால் இதுதான். அதை மறுபடி திறக்கச் சொல்லி ஒரு மனித உரிமை ஆர்வலர் சென்னை உயர் நீதிமன்றத்தின் படியேற வேண்டியிருந்தது.

அருணா ஜெகதீசன் ஆணையம் நான்கு வருடம் எடுத்துக்கொண்டு 2022 மே மாதம் அறிக்கையைக் கொடுத்தது. அக்டோபரில்தான் அது சட்டசபைக்கு வந்தது. ஐ.ஜி.யிலிருந்து காவலர் வரை 17 போலீஸ்காரர்கள் மீதும், அப்போதைய ஆட்சியர் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னது. சுட்டபோது ஆண்டது அ.தி.மு.க., அறிக்கை வந்தபோது ஆண்டது தி.மு.க. எதிர்க்கட்சியாக இருக்கும்போது கண்ணீர், ஆளுங்கட்சியானதும் கோப்பு. உடனே இடைநீக்கம் ஆனவர்கள் ஒரு இன்ஸ்பெக்டரும் மூன்று காவலர்களும்தான். பட்டியலின் மேல்பாதி பத்திரமாக இருந்தது.

பி.காம். படிக்கிற எந்தப் பையனுக்கும் தெரிந்த ஒரு பாடம் உண்டு. ஒரு கம்பெனியில் சம்பளம் வாங்குகிறவன் அதே கம்பெனியின் கணக்கைத் தணிக்கை செய்ய முடியாது. 2013ம் வருடக் கம்பெனிச் சட்டம் 141வது பிரிவில் இதைத் தெளிவாகவே தடுக்கிறது. காரணம் அவன் திருடன் என்பதல்ல. அவன் கையெழுத்தை நம்பி யாரும் பணம் போட மாட்டார்கள் என்பதுதான். ஒரு பலசரக்கு மொத்தக் கடை கம்பெனியாகப் பதிவானால் அதற்கும் இந்த விதி உண்டு. ஆனால் துப்பாக்கி வைத்திருக்கிற அரசாங்கத்துக்கு?

தேசிய மனித உரிமை ஆணையத்தின் புலனாய்வுப் பிரிவில் வேலை செய்வது அரசு அனுப்பிவைக்கிற போலீஸ் அதிகாரிகள்! போலீஸ் மீதான புகாரைப் போலீஸே விசாரிக்கிறது. ஆணையம் கடைசியில் பரிந்துரைதான் செய்யலாம், உத்தரவு போட முடியாது. உலக நாடுகளின் மனித உரிமை ஆணையங்களுக்குத் தரம் கொடுக்கிற சர்வதேசக் கூட்டமைப்பு 2023லும் 2024லும் இந்திய ஆணையத்தின் அங்கீகாரத்தைப் புதுப்பிக்காமல் தள்ளிவைத்தது. சொன்ன காரணங்களில் ஒன்று இதே போலீஸ் விஷயம்தான். இதைச் சொன்னால் அது தலையீடா, தணிக்கையா?

இந்த இடத்தில் தமிழ்நாட்டுக்காரர்கள் கொஞ்சம் கடலைத் திரும்பிப் பார்ப்பது நல்லது. தூத்துக்குடிக்கு எதிர்க்கரை இலங்கை. 2009 போர் முடிந்த பிறகு ராஜபக்சே அரசு சொன்னதும் இதே பல்லவிதான்: உள்நாட்டு விவகாரம், நாங்களே விசாரிப்போம். 2010ல் நல்லிணக்க ஆணைக்குழு என்று ஒன்றைப் போட்டார்கள். 'திருடனே திருட்டை விசாரிப்பதா?' என்று தமிழ்நாடே சிரித்தது. 2011 ஜூனில் இலங்கை மீது பொருளாதாரத் தடை கேட்டுத் தமிழக சட்டசபை தீர்மானம் போட்டது. 2013 மார்ச்சில் லயோலா கல்லூரியில் தொடங்கிய உண்ணாவிரதம் கல்லூரி கல்லூரியாகப் பரவியது. ஜெனீவா என்ற ஊரின் பெயர் டீக்கடை வரைக்கும் தெரிந்தது அப்போதுதான். சர்வதேச விசாரணை வேண்டும் என்று பதாகை பிடிக்காத கல்லூரி குறைவு.

அந்தக் கோரிக்கை நியாயமானது. முள்ளிவாய்க்காலின் அளவும் தூத்துக்குடியின் அளவும் ஒன்றல்ல, ஒப்பிடவும் கூடாது. ஆனால் விதி ஒன்றுதான். கொழும்புக்கு வெளித் தணிக்கை வேண்டும், சென்னைக்கும் டெல்லிக்கும் வேண்டாம் என்றால் அதன் பெயர் மனித உரிமை இல்லை, கட்சி கட்டுதல். ஜெனீவாவுக்கு மனு எழுதிய அதே தலைவர்கள் தூத்துக்குடிக்காக ஜெனீவா பேசியபோது எங்கே போனார்கள்?

மறுபக்கத்தையும் பேசிவிடலாம். வெளிநாட்டு அக்கறை சுத்தத் தங்கமா? இல்லவே இல்லை. ஈராக்கில் குண்டு போட்டவனும் குவாண்டனாமோவில் விசாரணையில்லாமல் அடைத்தவனும் மனித உரிமை வகுப்பு எடுப்பது காமெடிதான். அந்நிய உதவியின் விலை இந்த முத்துக்குளித்துறைக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. 1530களில் பரதவர்கள் பகைவர்களிடமிருந்து காப்பாற்றச் சொல்லிக் கொச்சிக்குப் போய்ப் போர்ச்சுகீசியரைக் கேட்டார்கள். காப்பாற்ற வந்தவன் முத்துக்கு வரி போட்டு உட்கார்ந்துகொண்டான். பிறகு டச்சுக்காரன், பிறகு வெள்ளைக்காரன். 1908ல் வ.உ.சி. கைதானபோது கொந்தளித்த மக்கள் மீது நெல்லையில் சுட்டு நான்கு பேரைக் கொன்றதும் அந்நிய ஆட்சிதான்.

ஆனால் வித்தியாசம் இருக்கிறது. போர்ச்சுகீசியன் கொண்டுவந்தது கப்பலும் பீரங்கியும். 2018ல் ஜெனீவாவிலிருந்து வந்தது ஒரு கேள்வி. கேள்வி கேட்டவனின் யோக்கியதை சரியில்லை என்பதால் கேள்வி தப்பாகிவிடாது. ஆடிட்டர் வீட்டில் ஆயிரம் ஓட்டை இருக்கலாம். கல்லாவில் பணம் குறைகிறதா இல்லையா என்பதுதான் பேச்சு.

பழைய கணக்கைத் தீர்க்காவிட்டால் பாக்கி அடுத்த வருடத்துக்கு வரும். வந்தது. 2020 ஜூனில், அதே தூத்துக்குடி மாவட்டத்தில், சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரம் தாண்டிக் கடை திறந்ததாகச் சொல்லி ஜெயராஜையும் மகன் பென்னிக்ஸையும் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். சில நாட்களில் இருவரும் பிணம். விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட்டையே நிலையத்தில் கேலி செய்தார்கள் என்றால், 2018லிருந்து அவர்கள் கற்ற பாடம் என்னவென்று புரிகிறது அல்லவா? அந்த வழக்கு நகர்ந்ததற்குக் காரணம் துணிந்து சாட்சி சொன்ன ஒரு பெண் தலைமைக் காவலரும், விடாமல் பிடித்த உயர் நீதிமன்ற மதுரைக் கிளையும். ஆகவே உள்நாட்டில் முடியாது என்பதில்லை. மனசு வைத்தால் முடியும். எல்லா இடத்திலும் அப்படி ஒரு சாட்சி கிடைப்பாரா என்பதுதான் கேள்வி.

சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997ல் கையெழுத்துப் போட்டது. இத்தனை வருடமாகியும் அதை உறுதிசெய்து சட்டமாக்கவில்லை. 2010ல் மக்களவையில் நிறைவேறிய மசோதா அப்படியே காலாவதியானது. வாக்குக் கொடுத்த கடனைத்தான் உலகம் கேட்கிறது, புதிதாக ஒன்றுமில்லை.

2024 பிப்ரவரி 29 அன்று ஆலையை மூடியது சரிதான் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதாவது அந்த மக்கள் நூறு நாள் உட்கார்ந்து கேட்டது நியாயமான கோரிக்கை. நியாயத்தைக் கேட்டவர்கள் மண்ணுக்குள் போனார்கள். அவர்களைச் சுடச் சொன்னது யார் என்ற கேள்வி மட்டும் அலுவலக மேஜைகளில் சுற்றிக்கொண்டே இருந்தது.

அடுத்த முறை எந்த அரசாவது, எந்தக் கட்சியாவது 'உள்நாட்டு விவகாரம்' என்று ஆரம்பித்தால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்.

"சரிங்க, உள்நாட்டில் என்ன செய்தீர்கள்?"

அதற்குப் பதில் வைத்திருக்கிற அரசுக்கு ஜெனீவாவைப் பார்த்துக் கோபப்பட உரிமை உண்டு. பதில் இல்லாத அரசு வாயை மூடிக்கொண்டு கணக்கைக் காட்டட்டும்.