கொலுப்படிக்குக் கீழே ஓர் ஊர்

நவராத்திரிக் கொலுவில் குழந்தைகளை முதலில் ஈர்ப்பது படிகளுக்குக் கீழே தரையில் அமைக்கும் ஊர்க்காட்சிதான். முன்பு மணலைப் பரப்பி, கேழ்வரகை முளைக்கவிட்டு வயலாக்கினோம். இன்று அட்டைப் பாகங்கள் பெட்டியில் வருகின்றன. எண் பார்த்து ஒட்டினால் புகைபோக்கியுடன் வீடு எழுந்துவிடுகிறது.

பெட்டியை நாம் பழிக்கவில்லை. அளவையும் பொறுமையையும் அது கற்பிக்கிறது. பொம்மை வீட்டுக்கு ஓரடிக்கு ஓரங்குலம் என்பது உலக வழக்கு. தெருவையே அமைக்கக் காலங்குலம் போதும், இருபதடி வீடு ஐந்தங்குலத்தில் அடங்கும். ஆனால் அது யாருடைய வீடு?

ஏரியூர்ப் பக்கம் இக்கேள்விக்குக் கனம் அதிகம். 1934இல் கட்டி முடிந்த மேட்டூர் அணையின் நீரில் காவிரிக்கரை ஊர்கள் பல மூழ்கின. நீர்மட்டம் வெகுவாகத் தாழும்போது, நாகமரைக்கு எதிர்க்கரையான பண்ணவாடியில் நந்தியும் தேவாலயக் கோபுரமும் வெளித்தெரிகின்றன. அவற்றைக் காணக் கூட்டம் கூடுகிறது. திண்ணைகளை யார் நினைப்பார்?

ஆகவே பெட்டியைப் பிரிக்குமுன், வீட்டு முதியவர்கள் தம் பெற்றோரிடம் கேட்டறிந்ததைக் கேட்போம்: திண்ணை எத்தனை முழம், கிணறு எப்பக்கம்? அதைத் தாளில் வரைந்து, அட்டைச் சுவர்களை அவ்வளவுக்கு வெட்டுவோம். புகைபோக்கி பெட்டியிலேயே கிடக்கட்டும்.