கோடைமலையில் ஓர் அம்மையார்

சூரியப் புயல் ஒன்று பூமியை நோக்கி வருகிறது என்ற செய்தியைத் தொலைக்காட்சியார் உலகநாசத்தின் கட்டியமாகவே முழங்கி, பாமர ஜனங்களை அச்சத்தில் ஆழ்த்தியது இவ்வாரம் என் மனத்தை மிகவும் கசக்கச் செய்தது.

இத்தகைய வேளைகளில் நான் எடுத்துப் புரட்டுவது 1914ஆம் ஆண்டு வெளிவந்த 'தாந்தேயும் ஆதி வானியலாரும்' என்னும் ஆங்கில நூலை. இத்தாலிய மகாகவியின் காவியத்தில் சூரியன் எங்கு நிற்கிறான், எந்த நட்சத்திரம் எப்போது உதிக்கிறது என்பவற்றையெல்லாம் கிரேக்கரும் அரபியரும் வளர்த்த வானசாஸ்திரத்தோடு பொருத்திக் காட்டி, கவிதைக்கும் கணிதத்துக்கும் ஒருங்கே நியாயம் செய்யும் இந்நூலைப் போல் வேறொன்றை நான் கண்டதில்லை. இதை இயற்றிய மேரி எவர்ஷெட் அம்மையார் அப்போது வாழ்ந்தது கொடைக்கானலில்!

1896ஆம் ஆண்டுச் சூரிய கிரகணத்தைக் காண நார்வேக்குச் சென்ற ஆர்வலர் குழுவில் அவர் ஜான் எவர்ஷெட்டைச் சந்தித்தார். ஜானும் அக்காலத்தில் தொழிற்சாலை உத்தியோகத்தின் ஓய்வு வேளைகளில் சூரியனை ஆராய்ந்துவந்தவரே. 1906இல் மணந்து, மறு ஆண்டு இருவரும் கொடைக்கானல் சூரிய ஆராய்ச்சி நிலையத்துக்கு மலையேறினர். 1909 ஜனவரியில், சூரியக் கரும்புள்ளியின் மையத்திலிருந்து வாயுக்கள் வெளிப்புறமாகப் பாய்வதை நிறமாலைக் கோடுகளின் சிறு விலகல்களால் ஜான் நிறுவினார். 'எவர்ஷெட் விளைவு' என்று உலகம் இன்றும் அதைப் போற்றுகிறது.

அம்மையாருக்கோ அந்த ஆராய்ச்சி நிலையத்தில் பதவியும் இல்லை, ஊதியமும் இல்லை. ஆயினும் சூரியனின் விளிம்பில் எழும் பிழம்புகளின் படங்களைப் பொறுமையுடன் ஆராய்ந்து, கரும்புள்ளிகளை ஒட்டி எழுபவற்றின் வகைகளைப் பிரித்து 1913இல் தம் பெயரிலேயே கட்டுரை வெளியிட்டார். 1917இல் கணவரோடு இணைந்து, நெடுங்காலப் பதிவுகளைத் திரட்டிய பேராய்வொன்றையும் அளித்தார். ஊதியம் பெறாத உழைப்பென்பதால் அதன் தரம் எவ்விதத்திலும் தாழ்ந்ததன்று என்பதே என் தீர்ப்பு.

கொடைக்கானலுக்குச் செல்லும் அன்பர்களே, ஏரியையும் தூண் பாறையையும் பார்த்தபின் அந்த நிலையத்துக்கும் செல்லுங்கள்; பிள்ளைகளுக்கு ஜானோடு மேரியின் பெயரையும் சொல்லிக்கொடுங்கள்.