குணமான பிறகு எங்களை யார் விசாரிப்பது?

இதை எழுதப்போகிறேன் என்றதும் அம்மா சொன்னது, "தங்கச்சிக்கு இன்னும் கல்யாணம் முடியல்லயே" என்பதுதான். எனக்குச் சின்ன வயதில் ரத்தப் புற்றுநோய் வந்தது. மஹரகம அபேக்ஷா வைத்தியசாலையில் வைத்தியம் பார்த்துப் பிழைத்தேன். எனக்கு வந்த ஒரு சம்பந்தம், யாரோ இதைச் சொல்லி, நின்று போனது. அன்றிலிருந்து வெளியில் வாய் திறக்கக்கூடாது என்பது வீட்டுக் கட்டளை.

எங்கள் ஊர் எஹலியகொடயும் மஹரகமவும் ஒரே ஏ-4 வீதியில் இருக்கின்றன. ஊசி போட்டுத் திரும்பும்போது அவிசாவளை வருமுன்பே வாந்தி வந்துவிடும். அம்மா ஷொப்பிங் பேக்கை விரித்து என் வாயருகில் பிடித்தபடியே வருவார். அவர் தோட்டத்தில் றப்பர் பால் வெட்டப் போகாத நாளுக்குப் பேர் விழாது, கூலி இல்லை. அந்த மாதம் கடைக் கடன் ஏறும். இத்தனை கஷ்டத்திலும் நான் வார்டில் தனியாக இருந்ததில்லை. அங்கே எல்லாப் பிள்ளைக்கும் மொட்டைத் தலைதான். சிங்கள அம்மாமார் எனக்கும் சேர்த்துச் சோறு பிசைந்தார்கள்.

தனிமை வீட்டுக்கு வந்த பிறகே தொடங்கியது. பள்ளிக்கூடத்தில் என்னைவிடச் சிறிய பிள்ளைகளோடு உட்கார்ந்தேன். என் தண்ணீர்ப் போத்தலைத் தொடக்கூடாது என்று சிலருக்கு வீட்டில் சொல்லியிருந்தார்கள். புற்றுநோய் தொற்றாது என்று எடுத்துச் சொல்ல எவரும் வரவில்லை. வார்டில் என் பக்கத்துக் கட்டிலில் இருந்த பிள்ளை பிறகு கிளினிக்குக்கு வரவேயில்லை. ஏன் என்று அம்மாவிடம் நான் கேட்டதில்லை. அவள் போய் நான் மட்டும் எப்படி இருக்கிறேன் என்ற எண்ணம் இன்றைக்கும் தூக்கத்தைக் கெடுக்கிறது. காய்ச்சல் வந்தால் கழுத்தில் கட்டி இருக்கிறதா என்று தடவிப் பார்க்கிறேன். அம்மா பார்க்காத நேரத்தில்தான்.

இந்தப் பயத்தை வெறும் மனப்பயம் என்று தள்ளிவிட முடியாது. எங்களில் பலருக்கு ஏற்றிய சிவப்பு நிற மருந்து டொக்ஸோரூபிசின், பல வருடம் கழித்தும் இதயத்தைப் பலவீனப்படுத்தக்கூடியது. எவ்வளவு ஏற்றினார்கள் என்பது அடுத்த வைத்தியருக்குத் தெரிய வேண்டும். என் கிளினிக் கொப்பி, லயத்துக் கூரை ஒழுகி, மை கரைந்து போனது. அமெரிக்காவிலோ 1994 முதல் என்னைப் போன்றவர்களை ஆயிரக்கணக்கில் தொடர்ந்து விசாரித்து வருகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் நன்றாக வாழ்கிறார்கள்; மனச்சோர்வும் பதற்றமும் உள்ளவர்களும் கணிசமாக இருக்கிறார்கள்.

குணமாக்க இங்கேயும் முன்வருகிறார்கள். 2011இல் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை கட்டுவதற்காக, தெற்கே தெவிநுவரவிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை மக்கள் நடந்தே பணம் சேர்த்தார்கள். அது பெரிய காரியம். புற்றுநோய் வந்த பிள்ளைகளில் 60 வீதமாவது 2030க்குள் பிழைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் இலக்கு வைத்திருக்கிறது. அப்படியானால் எங்களைப் போன்றவர்கள் இனிப் பெருகுவார்கள். பிழைத்த பிள்ளை முப்பது வயதில் எப்படியிருக்கிறது என்று கேட்கவும் ஓர் ஏற்பாடு வேண்டாமா?

சிகிச்சை முடிந்து அனுப்பும்போதே என்னென்ன மருந்து, எவ்வளவு ஏற்றப்பட்டது என்று தமிழிலும் எழுதிக் கையில் கொடுங்கள். வருடத்துக்கு ஒருமுறை, எங்கள் ஊருக்குக் கிட்டிய இரத்தினபுரியிலேயே இதயத்தைப் பரிசோதியுங்கள். அதே நாளில், தமிழ் தெரிந்த ஒருவர் கதவைச் சாத்திக்கொண்டு, தூக்கம் வருகிறதா, பயம் இருக்கிறதா என்று கேட்கட்டும். மனநலத்துக்கு 1926 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது, நல்லதுதான். ஆனால் லயத்துக் காம்பராவில் பேசினால் அடுத்த காம்பராவுக்குக் கேட்கும். எங்கே நின்று பேசுவது?

இன்னொன்று. வார்டில் புதிதாகச் சேர்ந்த பிள்ளையின் அம்மா, இது வந்து பிழைத்தவர் யாராவது இருக்கிறார்களா என்று தாதியிடமும் சிற்றூழியரிடமும் கேட்டுக்கொண்டே இருப்பார். என் அம்மாவும் கேட்டவர்தான். எங்களைக் கூப்பிடுங்கள். பஸ் ஏறி வந்து அந்த அம்மாவின் பக்கத்தில் உட்காருவோம். எங்களுக்கும் அங்கே ஒருவரையொருவர் தெரியவரும்.