மேஜை மேல் ஒரு கரி இன்ஜின்

கொற்கை ஒரு காலத்தில் பாண்டியர்களின் முத்துத் துறைமுகம். இன்று கடல் ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. யாராவது சொன்னால்தான் இங்கே கப்பல் வந்தது என்றே தெரியும்.

ஆற்றின் தென்கரையில் ஓடிய கரி இன்ஜினுக்கும் அதே கதிதான். திருநெல்வேலியிலிருந்து ஸ்ரீவைகுண்டம், நாசரேத், குரும்பூர் வழியாகத் திருச்செந்தூருக்கு 1923-ல் மீட்டர் கேஜ் பாதை வந்தது. 2008-ல் அது அகலப் பாதையாக மாறியது. கண்ணில் கரித்தூள் விழுந்த கதையைச் சொல்ல இப்போது தாத்தாக்களும் ஆச்சிகளும்தான் இருக்கிறார்கள்.

அந்த இன்ஜினைச் சின்னதாகச் செய்து வீட்டு மேஜையில் நிறுத்தலாம். நீராவி இன்ஜின் மாடல் செய்வது உலகம் முழுக்க உள்ள பொழுதுபோக்கு. பெட்டியைத் திறந்தால் பித்தளைத் தகடுகள், வார்ப்புப் பாகங்கள், சக்கரங்கள் இருக்கும். வெட்டி, அரத்தால் ராவி, மடித்து, பற்றவைக்க வேண்டும்.

முதலில் கணக்கு. நம் மீட்டர் கேஜ் பயணிகள் ரயில்களை இழுத்த ஒய்.பி. ரக இன்ஜின்கள் 1949 முதல் 1970 வரை 871 செய்யப்பட்டன. அதன் பெரிய சக்கரத்தின் விட்டம் 1,372 மில்லிமீட்டர். 87-ல் ஒரு பங்கு மாடலில் அது 16 மில்லிமீட்டர்கூட இல்லை. சட்டைப் பொத்தான் அளவுதான். தண்டவாள அகலம் 12 மில்லிமீட்டர்.

பொறுமையைச் சோதிப்பது சக்கரம்தான். இடப்பக்கத் தண்டும் வலப்பக்கத் தண்டும் ஒன்றுக்கொன்று கால் சுற்று தள்ளி நிற்க வேண்டும். நிஜ இன்ஜினிலும் அப்படித்தான். ஒரு பக்கப் பிஸ்டன் கோடியில் போய்த் தள்ள முடியாமல் நிற்கும்போது, மறுபக்கம் தள்ளிவிடும். மாடலில் எல்லாச் சக்கரத்துக்கும் அந்தக் கால் சுற்று ஒரே மாதிரி அமையாவிட்டால் வண்டி நொண்டும். அதனால் அடிச்சட்டம் தடங்கலின்றி உருண்ட பிறகே பாய்லரைத் தொட வேண்டும்.

இதுவரை பெட்டியில் உள்ள படம் வழிகாட்டும். அதற்குப் பிறகுதான் நுணுக்க வேலை. புகைபோக்கியைச் சுற்றி எவ்வளவு கரி படிந்திருக்கும்? பாய்லர் மேல் உப்புக்கறை எந்த இடத்தில் வழிந்திருக்கும்? டிரைவர் தலையில் கட்டியிருந்தது துண்டா, கைக்குட்டையா? இவை எந்தக் கிட்டிலும் வராது. பார்த்தவர்களைத்தான் கேட்க வேண்டும்.

மைசூர் ரயில் அருங்காட்சியகத்தில் பழைய இன்ஜின்களைக் கண்ணால் பார்க்கலாம். ஆனால் அவை வண்ணம் பூசி, துடைத்து வைத்தவை. ஓடிய இன்ஜினின் அழுக்கு, ஓட்டியவர், கரி அள்ளிப் போட்டவர், பயணம் செய்தவர் நினைவில்தான் இருக்கிறது. அவர்களுக்கும் வயதாகிக்கொண்டிருக்கிறது.

எனவே பெயின்ட் டப்பாவைத் திறக்கும் முன், பாதி முடிந்த மாடலை வீட்டுப் பெரியவர் கையில் கொடுங்கள். "இது இப்படி இருக்காதுல்ல..." என்று அவர் தொடங்கும்போது, பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கட்டும்.