மெய் எது? மெருகு எது?



அண்மையில் என் மாணவி ஒருத்தி, தன் பாட்டியின் பழைய திருமண வீடியோவை 4கே எனப்படும் மீயுயர் தெளிவுக்கு மாற்றிக் கொண்டுவந்து காட்டினாள். படம் பளிச்சென்றிருந்தது. ஆனால், பாட்டியின் கன்னத்து மச்சத்தைக் காணவில்லை! பழைய நாடாவில் அது இருக்கின்றதாம். கறையென்று கருதி மென்பொருள் துடைத்துவிட்டது போலும்.

இங்கே இரு வேறு பணிகளை நாம் பிரித்தறிதல் வேண்டும். 35 மில்லிமீட்டர் படச்சுருளைச் சட்டகம் சட்டகமாக வருடி எடுக்கும்போது, சுருளில் முன்னரே பதிந்துள்ள நுணுக்கங்கள் வெளிப்படுகின்றன. அது மீட்பு. வீடியோ நாடாவின் நிலை வேறு. நம் நாட்டுத் தொலைக்காட்சி முறையில் அமைந்த நாடாவைக் கணினியில் ஏற்றினால், ஒரு சட்டகத்திற்கு 720க்கு 576 புள்ளிகள் கிடைக்கும். 4கே படத்திலோ 3840க்கு 2160 புள்ளிகள். கணக்கிட்டுப் பாருங்கள்: இருபது புள்ளிகளுள் ஒன்றுக்கே சான்று உண்டு. எஞ்சிய பத்தொன்பதும் செயற்கை நுண்ணறிவின் ஊகம். இதனை மீட்பு என்றழைப்பது தகுமா?

லூமியேர் சகோதரர்கள் எடுத்து 1896இல் திரையிட்ட தொடருந்து வருகைப் படத்தை, 2020இல் டெனிஸ் ஷிர்யாயெவ் என்பவர் 4கே தெளிவுக்கும் நொடிக்கு 60 சட்டகங்களுக்கும் மாற்றினார். மூலப்படமோ நொடிக்கு ஏறத்தாழ 16 சட்டகங்களே கொண்டது. இடைப்பட்ட அசைவுகள் கணினி வரைந்தவை. பார்த்து நானும் வியந்தேன். ஆயினும், 19ஆம் நூற்றாண்டின் சான்றாக அதனை வகுப்பறையில் காட்டுவதற்கு என் மனம் ஒப்பவில்லை.

மங்கிய படமென்றால் முகஞ்சுளிக்கும் மாணாக்கரைத் தெளிவான படம் வரலாற்றின்பால் ஈர்க்கும் என்பர் சிலர். அதனை மறுப்பதற்கில்லை. ஆகவே, காட்டுவோம், ஆனால், மூலத்தையும் அருகில் வைத்துக் காட்டுவோம். எது பதிவு, எது ஊகம் என்று மாணாக்கரையே கண்டறியச் சொல்வோம். கண்ணால் கண்டதையும் ஆராயும் பழக்கம் இக்காலத்துப் பிள்ளைகளுக்கு மிகவும் வேண்டப்படுவது.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். புதிய படம் கைக்கு வந்ததும் பழைய நாடாவை எறிந்துவிடாதீர்கள். மெருகேற்றாத படியொன்றையும் கணினியில் சேமித்து வையுங்கள். நாளை பேரப்பிள்ளைகள் காண வேண்டியது மச்சத்தோடு கூடிய அந்தப் பாட்டியைத்தான்.