துளைகளில் எழுதிய நான்கெழுத்து

கிழிந்த தலையும் துளைபட்ட தலையும் சேகரிப்புக்கு ஆகா என்பது அஞ்சல்தலை சேர்ப்போர் முதலில் கற்கும் பாடம். அதனை அப்படியே நம்பிய பலர், கனடா நாட்டு அரசாங்கத் தலைகளைப் பழுதானவையெனக் கருதிக் குப்பையில் எறிந்திருக்கின்றனர். அத்தலைகளில் மன்னரின் முகத்தின் மீதே சிறு துளைகள் காணப்படும். வெளிச்சத்திற்கு நேரே பிடித்தால், மேலே ஓ, எச் என்றும் கீழே எம், எஸ் என்றும் அவை ஆங்கில எழுத்துகளாகத் தெளியும். 'மாட்சிமை தங்கிய மன்னரின் பணிக்காக' என்பதன் சுருக்கம் அது. ஆங்கிலேயர் காலத்து அரசாங்க உறைகளை நம் நாட்டில் கண்ட மூத்தோருக்கு இந்நான்கெழுத்து புதிதன்று.

துளையிட்ட காரணம் எளிது. அஞ்சல்தலை காசுக்கு நிகர். அலுவலக மேசையிலிருந்து பத்துத் தலைகள் ஓர் எழுத்தரின் சட்டைப்பைக்குள் போனால் எவர் கண்டுபிடிப்பார்? இத்தொல்லைக்கு இலண்டன் நகரத்து ஜோசப் ஸ்லோப்பர் 1868-லேயே வழி கண்டிருந்தார். தலைகளில் நிறுவனத்தின் முதலெழுத்துகளைத் துளையிட்டுவிட்டால், திருடியவன் அவற்றை விற்கவும் ஒட்டவும் அஞ்சுவான். கனடாவில் இரயில்வேக்களும் காப்பீட்டு நிறுவனங்களும் இம்முறையைக் கைக்கொண்டன. அவற்றின் எழுத்துகள் வேறு, 'சி.பி.ஆர்.' என்பது கனடியன் பசிபிக் இரயில்வே. அதனை அரசாங்கத் தலையென மயங்கி வாங்கலாகாது.

1923 முதல் நிதித்துறை பயன்படுத்திய துளைகளில், எச் எழுத்தின் நெடுங்கோடு ஒவ்வொன்றிலும் ஐந்து துளைகள் உண்டு. பின்னர் வந்த கருவியில் நான்கே. 1939-இல் இவ்வழக்கம் மற்ற அரசுத் துறைகளுக்கும் விரிந்தது. ஆகவே ஐந்து துளையை ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலைகளில் தேடுக. போர்க்காலத்து 1942-ஆம் ஆண்டு வரிசையில் காண்பது நான்கு துளை. எனினும் எண்ணுவதில் அவசரம் கூடாது. கருவியின் ஊசி ஒன்று முறிந்திருந்தால் ஐந்து நான்காகிவிடும். இரண்டு கோடுகளையும் எண்ணி, இடைவெளியையும் நோக்க வேண்டும். தலையைக் கறுப்புத் தாளின் மேல் வைத்துப் பார்ப்பது கண்ணுக்கு இதம்.

எழுத்துகள் தலைகீழாகவோ, பக்கவாட்டிலோ, கண்ணாடியில் கண்டாற்போல் திரும்பியோ இருப்பதுண்டு. தாளை எப்பக்கமாகக் கருவிக்குள் நுழைத்தார்களோ அவ்வண்ணம் விழுந்தன. இவ்விதம் எட்டு நிலைகள் கூடும். எட்டையும் தேடி ஆண்டுக்கணக்கில் அலைவோர் உளர். எனக்கு அத்துணைப் பொறுமையில்லை.

1949-இல் துளையிடுவதை விடுத்து அவ்வெழுத்துகளையே கறுப்பு மையால் மேலச்சிட்டனர். அடுத்த ஆண்டே அது 'ஜி' என்னும் ஒற்றையெழுத்தாயிற்று. அரசாங்கம் என்பதற்குரிய சொல் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் அவ்வெழுத்திலேயே தொடங்குவதால் இருமொழியினரும் குறை கூறவில்லை. 1963-இன் இறுதியோடு அதுவும் நின்றது.

திருட்டைத் தடுக்க இட்ட துளையே இன்று ஏமாற்றுக்கு உதவுவது விந்தை. சாதாரணத் தலையில் நான்கெழுத்தைத் துளைத்து, அரிய தலையென விலை சொல்லும் வணிகர் உண்டு. மாணவர்கள் சிறுசேமிப்பை இதில் இழக்கக் கூடாது. ஊசியால் குத்திய துளையின் பின்புறம் தாள் மேடுபட்டிருக்கும். கருவியோ வட்டமாய் வெட்டியெடுக்கும். 1952-இல் அரியணை ஏறிய எலிசபெத் அரசியாரின் தலையில் இந்நான்கெழுத்துத் துளை இருப்பின், கேள்வியே வேண்டாம், வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

உறையோடு கிடைத்தால் சோதனை இன்னும் எளிது. மெய்யான தலையில் துளை முந்தியது, அஞ்சல் முத்திரை பிந்தியது. ஆதலால் முத்திரையின் மை துளை வழியே இறங்கி, அடியிலுள்ள உறையில் புள்ளி புள்ளியாய்ப் படிந்திருக்கும். முத்திரை துளைகளின் மேல் விழுந்திருந்தும் உறை வெறுமையாய் இருந்தாலோ, துளை உறையையும் ஊடுருவியிருந்தாலோ, அது பிற்காலத்தவர் கைவேலை. உறையிலிருந்து தலையை நனைத்துப் பிரிப்பதற்கு முன் இதனைப் பார்த்துவிட வேண்டும்.