கிடங்குக்கு ஏன் இத்தனை பகட்டு?

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – வேதியியல்)

'ஆள் பாதி, ஆடை பாதி' என்பார்கள். ஆளுக்கு மட்டுமா? கட்டடத்திற்கும் இது பொருந்தும் என்பதற்கு இங்கிலாந்தில், மான்செஸ்டர் நகரின் போர்ட்லண்ட் தெருவில் நிற்கும் வாட்ஸ் துணிக் கிடங்கே சான்று.

விக்டோரியா மகாராணி காலத்தில், 1856-ஆம் ஆண்டு, எஸ் அண்டு ஜே வாட்ஸ் என்ற மொத்தத் துணி வணிக நிறுவனம் இதனைத் திறந்தது. டிராவிஸ், மேங்னல் என்னும் கட்டடக் கலைஞர்கள் வடிவமைத்தனர். செலவு 1 லட்சம் பவுண்டு! வெனிஸ் நகரத்து மாளிகை போன்ற தோற்றம். மாடிக்கு மாடி ஒவ்வொரு பாணி: இத்தாலியம், எலிசபெத் காலத்தியது, பிரெஞ்சு, பிளெமிஷ்!

துணி மூட்டைகளை அடுக்க இத்தனை பகட்டு எதற்கு? அது மூட்டைகளுக்காகக் கட்டியதன்று. கொள்முதலுக்கு வரும் வியாபாரியின் கண்ணுக்காகக் கட்டியது. 'இவ்வளவு பெரிய இடமா! நம்பி வாங்கலாம்' என்று அவரை எண்ண வைக்க வேண்டும். கட்டடமே விளம்பரப் பலகை!

கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் அந்தப் பலகை ஒன்றைச் சொல்லவில்லை. அக்காலத்தில் அந்த வட்டாரத்து ஆலைகளுக்கு வந்த பஞ்சில் பெரும்பகுதி அமெரிக்காவில் அடிமைகள் பறித்தது. 1861-இல் அங்கு உள்நாட்டுப் போர் மூண்டது. பஞ்சு வரத்துக் குன்றியது, ஆலைகள் மூடின, தொழிலாளர் வீடுகளில் பட்டினி. அந்த நிலையிலும் 1862 டிசம்பர் 31 அன்று மான்செஸ்டர் தொழிலாளர்கள் கூடி, அடிமை முறையை எதிர்த்து நின்ற லிங்கனுக்கு ஆதரவுக் கடிதம் அனுப்பினார்கள். அடுத்த மாதமே லிங்கன் மறுமொழி எழுதினார். என்னைக் கேட்டால், அந்த நகரின் உண்மையான மாளிகை அந்தக் கடிதம்தான்!

மான்செஸ்டர் துணி கப்பலேறி வந்து நம் நாட்டுத் தறிகளை நலியச் செய்ததை நாம் அறிவோம். நான் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. சென்ற தீபாவளிக்கு முன் ஒரு பெரிய கடையின் கண்ணாடிப் பெட்டியில், எங்கள் வீட்டுத் தறியில் இறங்கிய சேலையைக் கண்டேன். அட்டைப் பெட்டியில் பொன்னெழுத்தில் கடையின் பெயர். 'இது என் அப்பா நெய்தது' என்று சொல்ல வாய் வந்தது. உடன் வந்த கல்லூரி நண்பர்கள் முன் கூசி, சொல்லாமல் விட்டேன். அந்தக் கூச்சத்தை எனக்குக் கற்பித்தது எது? விற்றவரை மட்டுமே போற்றும் வரலாறன்றோ!

வாட்ஸ் கிடங்கு இன்று ஓர் ஓட்டல். முதல் உலகப் போரில் மாண்ட நிறுவன ஊழியர்களின் நினைவாக, சிற்பி ஜாகர் வடித்த காவல் வீரனின் வெண்கலச் சிலை அதன் வாயிலில் நிற்கிறது. நல்ல செயல். போரில் மாண்டவரை நினைத்த இடத்தில், பஞ்சு பறித்தவருக்கும் நூல் நூற்றவருக்கும் ஒரு கல் கூடாதா? மாளிகையை இடிக்கச் சொல்லவில்லை. கதையை முழுமையாகச் சொல்லுங்கள் என்கிறேன்.

நண்பர்களே! நாம் உடுத்தும் ஒவ்வோர் ஆடைக்குப் பின்னும் ஒரு கை இருக்கிறது. வரும் தீபாவளிக்கு அதே கடைக்குப் போவேன். இம்முறை உரக்கச் சொல்வேன்!